சைக்கிள் பாதைச் சுவரில் ஓவியம்: காரைக்குடிப் பக்கத்துக்கான முழுமையான வழிகாட்டி

சுவரில் வரைய வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் படத்தோடு வருகிறார்கள். போனில் ஓர் அழகான ஓவியம் இருக்கும். "சுவர் எங்கே கிடைக்கும்?" என்று அப்புறம்தான் கேட்பார்கள். கோளாறு தொடங்குவது இந்த வரிசையில்தான். முதலில் சுவரைப் பார்க்க வேண்டும், அடுத்து அந்த வழியாகச் சைக்கிளில் போகிறவரின் கண்ணை. படம் மூன்றாவதாக வரட்டும்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் சைக்கிள் பாதை என்று நான் சொல்வது பலகை வைத்த தனிப் பாதையை மட்டுமல்ல. ஊருணிக்கரை நடைபாதை, கண்மாய்க்கரைப் பாதை, கல்லூரி, ஆலை வளாகங்களின் சுற்றுச்சுவரை ஒட்டிய மண்பாதை என்று பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் தினமும் மிதிக்கும் வழிகள் எல்லாமே இதில் அடக்கம். கீழே உள்ள வேலைகளை எழுதியிருக்கிற வரிசையிலேயே செய்யுங்கள்.

1. சுவர் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

ஒரே பாதையில் நூறு அடிக்குள் மூன்று உரிமையாளர்கள் இருக்கலாம். ஊருக்குள் மாநகராட்சிச் சுவர் இருக்கும், கிராமத்தில் அது ஊராட்சியுடையது. கண்மாய்க்கரை என்றால், 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத்துறையின் கையில் இருக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் கையில். கோயில் சுவருக்கும் ரயில்வே சுவருக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். புதிதாக இறங்குகிறவர்கள் ரயில்வே சுவரை முதல் வேலையாக எடுக்காமல் இருப்பது நல்லது. அனுமதிக் கடிதம் அலைந்துகொண்டிருக்கும்போதே வெயில் காலம் வந்துவிடும்.

செட்டிநாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பெரிய வீட்டுச் சுற்றுச்சுவருக்கு வாட்ச்மேன் "வரைஞ்சுக்கங்க" என்பார். அது அனுமதி ஆகாது. பல வீடுகள் பங்காளிகள் பலருக்குப் பொது. சென்னையில் இருக்கும் ஒருவர் போனில் சரி என்றிருப்பார், சிங்கப்பூரில் இருந்து கல்யாணத்துக்கு வரும் இன்னொருவர் சுவரைப் பார்த்துவிட்டு வெள்ளை அடிக்கச் சொல்வார். வீட்டுக் கணக்கு வழக்கைப் பார்க்கிறவர் யார் என்று விசாரித்து, பங்காளிகள் எல்லோருக்கும் தெரியும் என்பதை அவர் கைப்பட எழுதி வாங்குங்கள். அந்த வீட்டில் ஆச்சி யாராவது குடியிருந்தால் முதல் ஆளாக அவரிடம் சொல்லுங்கள். வேலை நடக்கும் நாள் முழுக்கத் தண்ணீரும் நிழலும் அங்கிருந்துதான் வரப்போகிறது.

கடிதத்தில் சுவரின் போட்டோ, நீள உயரம், படத்தின் முன்வரைவு, வேலை நடக்கும் தேதிகள், பின்னால் யார் பராமரிப்பார் என்ற ஐந்தும் இருக்கட்டும். கையெழுத்தான நகல் ஒன்று வேலை நடக்கும் இடத்திலேயே பையில் இருக்க வேண்டும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லிருந்தே சட்டம் இருக்கிறது. ரோந்து வருகிற காவலருக்கு உங்கள் கலை ஆர்வம் தெரியாது, கடிதம் புரியும். காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. சுவரின் மூலையில் ஏதாவது கட்சியின் பெயரும் "ரிசர்வ்" என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி அதற்கு மதிப்பு ஏதும் இல்லை. ஆனாலும் உள்ளூர்க் கிளைச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கினால், தேர்தல் வரும்போது படம் பிழைக்கும்.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

தை பாதியிலிருந்து பங்குனி தொடக்கம் வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் குடித்திருக்கும், மழை விட்டு நாலைந்து வாரமாவது காய வேண்டும். சித்திரை, வைகாசியில் பிரஷ்ஷிலேயே பெயின்ட் காய்ந்துபோகும். ஆடிக் காற்றில் செம்மண் புழுதி கிளம்பி ஈரப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிவிட்டால் துடைக்க முடியாது.

தை மாதத்தில் காலைப் பனி சுவரை நனைத்திருக்கும். ஒன்பது மணிக்கு முன் பிரஷ்ஷைத் தொடாதீர்கள்.

3. சுவரைச் சோதியுங்கள்

படம் ஒரே மழைக்காலத்தில் உரிந்துபோவதற்குப் பெயின்டைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் சுவரில்தான் இருக்கும்.

முதல் சோதனை ஈரம். இரண்டடிச் சதுரத்துக்கு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒருநாள் முழுக்க விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அந்தச் சுவர் தயாராக இல்லை. ஊருணிக்கரைச் சுவர்களில் இதைக் கீழே ஓர் இடம், மேலே ஓர் இடம் என்று இரண்டு உயரத்தில் செய்யுங்கள். மேலே காய்ந்திருக்கும் சுவர் அடியில் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது ஒட்டுதல். பழைய சுண்ணாம்பு வெள்ளையின் மேல் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் வெள்ளைப் பொடி வந்தால் மொத்தத்தையும் சுரண்டியாக வேண்டும். பொடியின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த எமல்ஷன் அடித்தாலும் அது பொடியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், சுவரை அல்ல.

மூன்றாவது காரம். புதிதாகச் சிமென்ட் பூசிய சுவர் குறைந்தது 28 நாள் ஆற வேண்டும். அதற்குப் பிறகும் சந்தேகமாக இருந்தால் சுவரில் ஓர் இடத்தைக் காய்ச்சி வடித்த நீரால் நனைத்து, காரத்தின் அளவைக் காட்டும் பி.எச். தாளை வைத்துப் பாருங்கள். 10-ஐத் தாண்டினால் காரம் இன்னும் இருக்கிறது, சிவப்பும் மஞ்சளும் திட்டுத்திட்டாக வெளுத்துப்போகும்.

ஒருவகைச் சுவரைத் தொடவே கூடாது. முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், பனைவெல்லம் சேர்த்து அரைத்துப் பூசிய பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் அது. கையால் தடவினால் வழுவழுவென்று குளிர்ச்சியாக இருக்கும். அதன் மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயின்டை அடித்தால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் சாந்தே பெயர்ந்து வரும். திரும்ப அதேபோல் பூசுவதற்கு ஆள் கிடைப்பது அரிது. பூச்சில்லாத செம்புறாங்கல் சுவரையும் அப்படியே விட்டுவிடுங்கள். அது ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது.

4. சைக்கிளில் போய்ப் பார்த்த பிறகு வரையுங்கள்

சுவருக்கு முன்னால் நின்று யோசிப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. சைக்கிள்காரர் அப்படி நிற்பதே இல்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நொடிக்கு 13, 14 அடி கடக்கிறார். நூறடிச் சுவர் ஏழெட்டு நொடியில் முடிந்துவிடும், அதிலும் பாதி நேரம் அவர் கண் பாதையில் இருக்க வேண்டும். ஆகவே நுணுக்கமான வேலைப்பாடு வீண். பெரிய வடிவமும் திரும்பத் திரும்ப வரும் தாளமும்தான் எடுபடும்.

காகிதத்தைத் தொடும் முன் அந்தப் பாதையில் இரு திசையிலும் மிதித்துப் பாருங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. வெயில் எந்தப் பக்கம் கண்ணில் அடிக்கிறது, மர நிழல் எங்கே விழுகிறது, எந்த வளைவில் எதிரே வருகிறவர் கடைசி நொடியில்தான் தெரிகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வளைவில் கண்ணை இழுக்கும் எதையும் வைக்காதீர்கள், ஒற்றை நிறம் போதும்.

அடுத்தது சாய்வுப் பார்வை. சுவரிலிருந்து ஐந்தடி தள்ளிப் போகிறவர் முப்பதடி முன்னால் இருக்கும் சுவரைத்தான் பார்க்கிறார். அந்தக் கோணத்தில் நீங்கள் போட்ட வட்டம் ஒல்லியான முட்டையாகத் தெரியும், முகம் வரைந்திருந்தால் மூக்கும் கண்ணும் ஒட்டிக்கொள்ளும். முன்வரைவைக் கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தாலே இது புரிந்துவிடும். வடிவங்களைக் கிடைமட்டமாக ஒன்றரை மடங்கு இழுத்தால் ஓரளவு சரியாகும். அதற்கு மேல் இழுத்தால் நின்று பார்க்கும் நடைபயணிக்குக் குட்டையாகத் தெரியும். இழுத்தாலும் குலையாத வடிவங்கள் நம்மூரில் நிறைய உண்டு. ஆத்தங்குடித் தரைக் கல்லின் பூவும் கட்டமும், கண்டாங்கிச் சேலையின் கட்டமும் பட்டைக் கரையும், கொட்டான் என்கிற ஓலைக்கூடைப் பின்னலின் குறுக்குநெடுக்கு எல்லாம் அந்த வகை. ஆத்தங்குடி வடிவத்தை மூன்றடிக் கட்டமாக்கி, நாலு கட்டத்துக்கு ஒருமுறை நிறத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். மிதித்துப் போகும்போது சுவரே நகர்வதுபோல இருக்கும்.

நடுவீட்டுக் கோலத்தைச் சுவரில் கொண்டுவரும் ஆசை பலருக்கு வரும். அது விசேஷத்துக்கு இடுகிற கோலம். எச்சில் துப்புகிற, ஆடு உரசுகிற பாதைச் சுவரில் அதை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எழுத்து வேண்டுமென்றால் இதைக் கவனியுங்கள். சுவர் இடப்பக்கம் இருக்கிறவருக்குத் தமிழ் வரி தொடக்கத்திலிருந்து முடிவுக்கு வரும். வலப்பக்கம் இருக்கிறவருக்கு வரியின் கடைசிச் சொல்தான் முதலில் வந்து சேரும். பத்து சொல் வாசகம் அவருக்குத் தலைகீழ். இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்துங்கள், அல்லது ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். எழுத்து உயரம் பத்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது. புள்ளியைப் பெரிதாக, எழுத்திலிருந்து தள்ளி வையுங்கள், வேகத்தில் முதலில் காணாமல் போவது அதுதான். அடுக்கி எழுதும்போது மேல்வரியின் "ழு"வின் வாலும் கீழ்வரியின் "கீ"யின் கொக்கியும் முட்டிக்கொள்ளாமல் இடைவெளி விடுங்கள். இந்த விஷயத்தில் பழைய சுவர் விளம்பர ஓவியர் ஒருவரை ஒருநாள் கூலிக்கு அழைப்பது நல்லது. கை வேகமும் எழுத்தின் எடையும் அவர்களுக்குத் தெரியும்.

5. எதை விட்டுவிட வேண்டும்

மலைகளுக்கு நடுவே உதிக்கும் சூரியன், ஒரே காம்பில் இரண்டு இலை, தாமரை, விரித்த கை, மாம்பழம். எதுவும் கெட்ட படம் அல்ல. ஆனால் தேர்தல் அறிவிப்பு வந்ததும் சின்னங்களை அழிக்க வருகிற ஊழியருக்கு உங்கள் சூரியன் இயற்கைக் காட்சியா, பிரசாரமா என்று பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது. கட்சிக் கொடிகளின் நிறச் சேர்க்கையையும் அதே வரிசையில் அடித்துவிடாதீர்கள்.

சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சாமி படம் போடுங்கள் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வேண்டாம். படம் வெளுக்கும்போது அதை அழிக்கவும் முடியாது, மேலே வேறு வரையவும் முடியாது.

சாலைக் குறியீடுபோல் தெரியும் அம்புக்குறி, சிவப்பு வட்டம், நிஜமென்று ஏமாற்றும் கதவு, பள்ளம் ஆகியவை சைக்கிள் பாதையில் ஆபத்து. பாதையின் தரையிலும் எனாமல் அடிக்காதீர்கள். முதல் தூறலில் டயர் வழுக்கும்.

6. சாமான்

நூறடி நீளம், ஆறடி உயரம் என்றால் 600 சதுர அடி. வெளிச்சுவர் பிரைமர் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குத் தோராயமாக 80 சதுர அடி வரும், சொரசொரப்பான சுவரில் இன்னும் குறையும். ஆகவே 10 லிட்டர் வாங்குங்கள். அடிநிற எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி என்று வைத்து 12 லிட்டர். மற்ற நிறங்கள் ஐந்தாறு, ஒவ்வொன்றும் ஒரு லிட்டர்.

எல்லாம் வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷனாகவே இருக்கட்டும். டிஸ்டெம்பர் மழையில் கரையும். எனாமல் சிமென்டின் காரத்தில் உரியும்.

நிறத்தைக் கடையில் மெஷினில் கலந்து வாங்குங்கள். வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் என்கிற நிறச்சாய பாட்டிலைக் கவிழ்த்து அடர்நிறம் கொண்டுவர முயல்வதுதான் இங்கே நடக்கிற பொதுவான தவறு. ஸ்டெய்னர் அளவு மீறினால் படலம் சரியாகக் காயாது, கையில் ஒட்டும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். நிறங்களுக்குள்ளும் ஆயுள் வேறுபடும். காவி, மஞ்சள் காவி, கறுப்பு, வெள்ளை, ஆழ்ந்த நீலம், பச்சை ஆகியவை நின்று பிடிக்கும். ரோஸ், ஊதா, பளீர் மஞ்சள் முதலில் போகும். மேற்குப் பார்த்த சுவரென்றால் பின்சொன்னவற்றைச் சின்ன இடங்களுக்கு மட்டும் வையுங்கள். ஒளிரும் நிறங்களை வாங்கவே வேண்டாம்.

மற்றவை: கம்பி பிரஷ், பட்டித் தகடு, உப்புத்தாள், ஒன்பது அங்குல ரோலர், இரண்டும் ஒன்றும் அரையும் அங்குலப் பிரஷ், நூலும் சாக்பொடியும், டேப், மூடியுள்ள சின்ன டப்பாக்கள், கையுறை, தொப்பி.

7. சுவரைத் தயார் செய்யுங்கள்

உப்புப் பூத்திருந்தால் முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிருங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். உதிர்த்ததைப் பெருக்கி அள்ளிய பிறகுதான் கழுவ வேண்டும்.

பாசி பிடித்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே சுரண்டினால் மிச்சம் உள்ளேயே இருந்து பெயின்டுக்கு அடியில் கறுக்கும். கையுறை இல்லாமல் செய்யாதீர்கள்.

விரிசலுக்கு வெள்ளை சிமென்ட் பட்டி. சுவர் முழுக்கப் பட்டி பார்க்கத் தேவையில்லை. வழுவழுப்பாக இருந்தால் வரைவது சுகம்தான், ஆனால் கொஞ்சம் ஈரம் ஏறினாலும் பட்டி தகடு தகடாகப் பெயரும், படமும் கூடவே வரும்.

காய்ந்ததும் பிரைமர் ஒரு கோட். மறுநாள் அடிநிறம் இரண்டு கோட், நடுவில் டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியை விடுங்கள். அடியில் ஒன்றரை அடிக்கு அடர்ந்த செங்காவிப் பட்டை அடித்துவிடுவது என் வழக்கம். மழையில் செம்மண் தெறித்து அந்த உயரம் வரைதான் வரும், கறையும் பட்டையும் ஒரே நிறமாக இருப்பதால் தெரியாது. சைக்கிளைச் சாய்த்து வைக்கும்போது பெடல் கீறுவதும் அந்த உயரத்தில்தான்.

8. படத்தைச் சுவருக்கு ஏற்றுங்கள்

திரும்பத் திரும்ப வரும் கட்ட வடிவத்துக்கு நூல் அடிப்பதே நேர்வழி. மேல்விளிம்பை நம்பி அளக்காதீர்கள், பழைய சுற்றுச்சுவர்கள் தரையின் சரிவோடு போகும். ரசமட்டம் வைத்து ஒரு கிடைக்கோடு அடித்து, எல்லா அளவையும் அதிலிருந்து எடுங்கள். நூலுக்கு வெள்ளைச் சாக்பொடி போதும். நீலப்பொடி மேலே வரும் வெளிர்நிறத்தில் கசியும்.

உருவங்களுக்குக் கட்டம் போடுவதைவிடக் கிறுக்கல் முறை வேகமானது. சுவர் முழுக்க வெளிர்நிறத்தில் எழுத்தும் சுழியும் பெருக்கல் குறியுமாக ஒழுங்கில்லாமல் கிறுக்குங்கள். நேராக நின்று போட்டோ எடுத்து, போனில் அதன் மேல் உங்கள் முன்வரைவைப் பாதி மங்கலாக வைத்துச் சேமியுங்கள். அப்புறம் "மூக்கு நுனி அந்தச் சுழிக்கு மேல்" என்று பார்த்துப் பார்த்துக் கோடு போடலாம். ஒரே மாதிரியான கட்டங்களில் எண்ணிக்கை தவறும், கிறுக்கலில் தவறாது. கிறுக்கல்கள் ஒவ்வொன்றும் வேறுபட்டிருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

கோடு முடிந்ததும் சாக்பீஸ் நிலையிலேயே ஒருமுறை சைக்கிளில் போய்ப் பாருங்கள். திருத்துவதற்கு இதுதான் கடைசி மலிவான வாய்ப்பு.

9. வண்ணம்

மேலிருந்து கீழே வாருங்கள். சொட்டினால் இன்னும் வரையாத இடத்தில் விழும். பின்னணி முதலில், முன்னால் இருப்பது அப்புறம், கறுப்புக் கோடு கடைசியில். கோட்டை முதலில் போட்டுவிட்டு உள்ளே நிறம் நிரப்புவது பள்ளிப் பழக்கம். ஒவ்வொரு நிறமும் கோட்டைத் தின்னும், கடைசியில் எல்லாக் கோட்டையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

கிழக்குச் சுவரை மாலையில் அடியுங்கள், மேற்குச் சுவரைக் காலையில். சுவரில் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஐந்து எண்ணுங்கள். கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அப்போது அடிக்காதீர்கள். சூடான சுவர் பெயின்டின் நீரை உடனே இழுத்துவிடும், படலம் பிடிக்காமல் பொடியாகும்.

அடர்நிறத்தைத் தண்ணீர் விட்டு இழுத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். நீர்த்த ஒரு கோட் அன்றைக்கு நன்றாகத்தான் தெரியும், அடுத்த கோடையில் ரோலர் ஓடிய தடம் முழுக்க வெளியே வரும்.

10. ஸ்ப்ரே டப்பா பயன்படுத்தினால்

400 மில்லி டப்பா ஒன்று கெட்டியாக நிரப்பினால் 15, 20 சதுர அடிதான் வரும். பெரிய பரப்பை ரோலரிலும், நிழல், மங்கல், ஓரம் ஆகியவற்றை மட்டும் ஸ்ப்ரேயிலும் செய்யுங்கள். இரண்டு நிமிடம் குலுக்கி, முதல் பீச்சலை அட்டையில் அடித்துப் பார்த்துவிட்டுச் சுவருக்கு வாருங்கள். கை நகரத் தொடங்கிய பிறகு அழுத்தி, நிற்பதற்கு முன் விட வேண்டும், இல்லாவிட்டால் இரு முனையிலும் வழியும். முடித்ததும் டப்பாவைக் கவிழ்த்து காற்று மட்டும் வரும்வரை அழுத்தினால் முனை அடைக்காது.

துணி முகக்கவசம் துகளைக்கூட முழுதாகத் தடுக்காது, கரைப்பான் ஆவியை அறவே தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடி தேவை. வெயிலில் நிறுத்திய காரில் டப்பாக்களை விட்டுப் போகாதீர்கள், 50 டிகிரியைத் தாண்டினால் வெடிக்கலாம். காற்றடிக்கும் நாளில் ஸ்ப்ரேயே வேண்டாம். பாதையில் போகிறவரின் வெள்ளைச் சட்டை உங்கள் ஓவியத்தில் சேராது.

11. பாதையை மறிக்காமல்

ஓடும் பாதையில் வேலை செய்கிறோம் என்பது மத்தியானத்துக்குள் மறந்துபோகும். சைக்கிள் போக ஐந்தடியாவது எப்போதும் விடுங்கள். அவ்வளவு இடம் இல்லாத இடத்தில் ஏணியைத் தவிர்த்து, நீளக் கம்பு மாட்டிய ரோலரை எடுங்கள். சாரம் கட்டினால் அதன் இரு முனைக்கும் இருபதடி முன்னதாகவே சிவப்புத் துணி கட்டுங்கள், சாயங்காலம் அவிழ்த்துவிடுங்கள். இருட்டில் சவுக்குக் கம்பு தெரியாது.

தரையில் விரிக்கும் தாளின் ஓரத்தில் கல் வையுங்கள். பறக்கும் பாலிதீன் சக்கரத்தில் சுற்றினால் ஆள் விழுவார். பள்ளி விடும் நேரத்தில் வேலையை நிறுத்திவிட்டு டப்பாக்களை மூடுங்கள். பிரஷ் கழுவிய தண்ணீர் ஊருணியில் போகக் கூடாது. வாளியில் பிடித்துத் தெளியவைத்து, அடியில் தங்கியதைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

12. முடிந்த பிறகு

மேல்பூச்சு அடிப்பதா வேண்டாமா என்பது சுவரைப் பொறுத்தது. அடியில் ஈரம் ஏறும் சுவருக்கு பாலியூரித்தேன் பூச்சு அடித்தால் கொப்புளம் கிளம்பும், சும்மா விடுவதே மேல். நன்கு காய்ந்த சிமென்ட் சுவரில், போஸ்டர் ஒட்டும் இடமாக இருந்தால், படம் இரண்டு மூன்று வாரம் ஆறிய பிறகு அடிக்கலாம்.

ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டரை இறுக மூடி, நிறத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி, பக்கத்துக் கடையிலோ வீட்டிலோ கொடுத்து வையுங்கள். யாராவது பெயரைக் கிறுக்கினால், இதயத்தில் அம்பு விட்டால், இரண்டு நாளுக்குள் மூடிவிடுங்கள். ஒரு கிறுக்கல் நின்றால் பக்கத்திலேயே அடுத்தது வரும். மூடும்போது கிறுக்கலை மட்டும் தடவாமல் அந்த வடிவம் முழுக்க விளிம்பு வரை அடியுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுப்போட்டது தெரியும். கிறுக்குவது யார் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அடுத்த சுவரில் அவர்களுக்கு ஒரு பிரஷ் கொடுத்துப் பாருங்கள், சிலர் நன்றாகவே வரைகிறார்கள்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒருமுறை போய், அடிப்பட்டையில் உப்புப் பூத்திருக்கிறதா, விரிசல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சுரண்டிப் பட்டி வைத்து, டப்பாவைத் திறந்து நன்றாகக் கலக்கி, கெட்ட வாடை வந்தால் வீசிவிட்டு அதே எண்ணில் புதிது வாங்குங்கள்.